மதுரைக் கோயிலுக்குக் காரில் வந்தால் பார்க்கிங் காசைக் குறைப்பது எப்படி?

செட்டிநாட்டுத் தென்றல்

வணக்கம். காரைக்குடியிலிருந்து வருகிற சனிக்கிழமை குடும்பத்தோடு மதுரைக்கு வருகிறோம். மாமனார், மாமியார், நானும் வீட்டுக்காரரும், பிள்ளைகள் இரண்டு பேர். மீனாட்சியம்மன் தரிசனம் முடித்து, விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்துவிட்டு, நேரம் இருந்தால் திருமலை நாயக்கர் மகாலையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று இருக்கிறோம்.

கவலையெல்லாம் பார்க்கிங்தான். போன முறை கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் இடத்தில் காரை விட்டோம். கொடுத்த சீட்டில் வண்டி நம்பரும் உள்ளே வந்த நேரமும் மட்டும் பேனாவால் கிறுக்கியிருந்தது. கட்டணம் எவ்வளவு என்று ஒன்றும் இல்லை. திரும்பி வந்து வண்டியை எடுக்கும்போது, "நாலு மணி நேரம் தாண்டிருச்சு, முழு நாள் கணக்குதான்" என்றார்கள். ஆறு பேர் மதியம் சாப்பிட்ட காசைவிட அது அதிகம். வெயிலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வாதாடுவது? கொடுத்துவிட்டு வந்தோம்.

மாமியாருக்கு மூட்டு வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது. அதையும் மனதில் வைத்து வழி சொல்லுங்கள்.

மாசிவீதி வாசி

அக்கா, நான் மேல மாசி வீதியில் பிறந்து வளர்ந்தவன். முதலில் ஊர் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் தானாகப் புரியும். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. தேரும் சாமி புறப்பாடும் சுற்றி வருவதற்கென்று அமைந்த தெருக்கள். சித்திரை வீதிக்குள் வண்டியே விடுவதில்லை. அதனால் கோயிலுக்கு வருகிற அத்தனை காரும் ஆவணி மூல வீதியிலும் மாசி வீதியிலும்தான் இடம் தேடுகிறது. குறுக்குச் சந்துகளில் ஒரு கார் நின்றால் தள்ளுவண்டிகூடத் தாண்ட முடியாது. இடம் கையளவு, கேட்கிற ஆள் ஆயிரம். தனியார் இடங்களில் சொன்னதுதான் விலை என்று ஆனதற்குக் காரணம் இதுதான்.

அதனால் நான் யாருக்கும் சொல்வது ஒன்றுதான்: வெளி வீதிக்கு உள்ளே காரைக் கொண்டுவராதீர்கள்.

நீங்கள் மேலூர் வழியாகத்தான் வருவீர்கள். மாட்டுத்தாவணி உங்கள் வழியிலேயே இருக்கிறது. பேருந்து நிலையத்தை ஒட்டிய கட்டண நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு, பெரியார் நிலையம் போகும் டவுன் பஸ் ஏறுங்கள். எந்நேரமும் பஸ் உண்டு. கோரிப்பாளையம் தாண்டி, ஆற்றைக் கடந்து, சிம்மக்கல்லில் இறங்கினால் வடக்குக் கோபுரம் ஒரு கிலோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் ஏறலாம். மதுரைக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துச் சில பேர் காசு கொடுத்துச் சொகுசுப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள்.

கணக்கு வாத்தியார்

மாசிவீதி தம்பி சொல்வது இரண்டு பேர் வந்தால் சரி. ஆறு பேருக்கு அந்தக் கணக்கு உதைக்கும். மாட்டுத்தாவணியிலும் பார்க்கிங் சும்மா இல்லை. அதற்கு மேல் ஆண்களுக்கு டிக்கெட், மூட்டு வலிக்காரருக்குச் சிம்மக்கல்லிலிருந்து ஆட்டோ, திரும்பும்போது துணிப் பைகளோடு மறுபடி ஆட்டோ. எல்லாம் கூட்டினால் மிச்சம் ஒன்றும் பெரிதாக நிற்காது.

வடக்கு ஆவணி மூல வீதியில், பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில், மாநகராட்சியின் பல அடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? இறங்கினால் கோபுரம் கண்ணுக்குத் தெரியும். கட்டணம் போர்டில் இருக்கும், ரசீதும் கிடைக்கும். மாமியாரை அங்கிருந்து கைத்தாங்கலாக அழைத்துப் போய்விடலாம்.

அங்கே காசு ஏறுவதற்குக் காரணம் இடம் இல்லை, நேரம். இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. நடை காலை 5 மணிக்குத் திறந்து மதியம் 12.30க்குச் சாத்துகிறார்கள். மறுபடி மாலை 4 மணிக்குத்தான் திறப்பு. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பதினொன்றரை, பன்னிரண்டுக்கு வந்து சேர்கிறார்கள். வரிசையில் நிற்கும்போதே நடை சாத்திவிடுகிறது. அப்புறம் சாப்பாடு, கடை, காத்திருப்பு என்று நாலு மணி வரை ஓட்டுகிறார்கள். அந்த நேரம் முழுவதும் கார் உள்ளே நின்று காசு சாப்பிடுகிறது. தென்றல் அம்மாவின் "நாலு மணி நேரம் தாண்டிருச்சு" கதையும் அநேகமாக இப்படித்தான் நடந்திருக்கும்.

காலை ஆறுக்கு உள்ளே வந்து எட்டரைக்கு வெளியே போகிறவருக்கு எந்த நிறுத்தமும் பெரிய செலவில்லை.

மூணு சக்கரம்

இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் ஆட்டோ ஓட்டியவன் என்ற முறையில் ஒரு வார்த்தை.

வாத்தியார் ஐயா சொல்கிற பல அடுக்கு நிறுத்தம் நல்ல இடம்தான், ஆனால் அங்கே போய்ச் சேருவது ஒரு தனிப் பாடு. சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் வடக்கு மாசி வீதி பக்கம் நுழைந்து பாருங்கள். சரக்கு இறக்கும் வண்டி ஒரு பக்கம், ஷேர் ஆட்டோ ஒரு பக்கம், ஒரு வழிப்பாதை தெரியாமல் எதிரே வந்துவிட்ட வெளியூர் கார் ஒரு பக்கம். ஏசியைப் போட்டுக்கொண்டு முதல் கியரிலேயே அரை மணி நேரம். அந்த டீசல் காசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வேனும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்தப் பெரிய வண்டிகளை எல்லீஸ் நகர்ப் பக்கம் நிறுத்திவிட்டு ஆட்களை உள்ளே அனுப்புகிறார்கள். கார்க்காரர்கள்தான் கடைசி வரை உள்ளே வரப் பார்க்கிறார்கள்.

அம்மாவுக்கு நான் சொல்வது: காரை மாட்டுத்தாவணியில் விடுங்கள். பெரியவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு பிள்ளைக்கும் சேர்த்து அங்கிருந்தே ஒரு ஆட்டோ. நேராக ஆவணி மூல வீதி முனையில் இறக்கிவிடச் சொல்லுங்கள். மற்ற மூன்று பேர் பஸ். நிலையத்து வாசலில் நிற்கும் ஆட்டோவில் ஏறும் முன் செல்போன் செயலியில் தொகை எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களில் சிலருக்குக் கோபம் வரும். நியாயமாக ஓட்டுகிறவனுக்கு வராது.

செட்டிநாட்டுத் தென்றல்

எல்லாருக்கும் நன்றி. நடை சாத்தும் நேரத்தை நான் பார்க்கிங்கோடு சேர்த்து யோசித்ததே இல்லை. ஒரு சந்தேகம்: அண்ணா நகர், கே.கே.நகர் பக்கம் தெருக்கள் அகலமாக இருக்கின்றனவே. அங்கே ஓரமாகக் காரை விட்டுவிட்டு ஆட்டோவில் போனால் பார்க்கிங் காசே இல்லாமல் போகாதா? என் தம்பி அப்படித்தான் செய்யச் சொல்கிறான்.

மாசிவீதி வாசி

வேண்டாம் அக்கா. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு முன்னால் வாசல் என்று ஒன்று இருக்கிறது. காலையில் அம்மா தண்ணீர் தெளித்துக் கோலம் போடும் இடம். விசேஷ நாட்களில் அதன் மேலேயே வெளியூர் கார் நிற்கும். கண்ணாடியில் போன் நம்பர்கூட இருக்காது. ஒரு நாள் அப்பாவுக்கு மூச்சுத் திணறல். 108 தெரு முனை வரை வந்துவிட்டது, உள்ளே வர முடியவில்லை. ஸ்ட்ரெச்சரை இரண்டு கார்களுக்கு நடுவே சாய்த்துத் தூக்கிக்கொண்டு போனோம். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சந்தில் ஸ்ட்ரெச்சரின் கம்பி கார்க் கதவில் உரசிய சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. அந்தக் கார்க்காரர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். கோயிலுக்கு வந்தவர்தான். நூறு ரூபாய் மிச்சம் பண்ண நினைத்திருப்பார்.

எங்கள் வாசலிலிருந்து எடுத்து அண்ணா நகர்க்காரர் வாசலில் விடுவதால் ஒன்றும் சரியாகிவிடாது. காசு மிச்சம் பண்ணலாம், ஆனால் அது வேறொருவர் தலையில் ஏறக் கூடாது. மாட்டுத்தாவணியில் கொடுக்கும் காசுக்கு யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வண்டி நிற்கிறது. அதைச் செலவு என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று, இலவசம் என்று நினைத்து நிறுத்துகிற இடம் பல நேரம் இலவசமாக முடியாது. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால் முதல் முறை 500 ரூபாய், மறுபடி மாட்டினால் 1500. 2022 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க ஏற்றினார்கள். சக்கரத்தில் பூட்டும் போட்டுவிட்டால் அன்றைய நாளே போச்சு.

செட்டிநாட்டுத் தென்றல்

புரிகிறது தம்பி. அப்பா நலமாக இருக்கட்டும். தம்பியிடம் சொல்லிவிடுகிறேன், தெருவில் விடப் போவதில்லை.

கணக்கு வாத்தியார்

மாசிவீதி சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. தெருவில் விடச் சொல்லி நானும் எழுதவில்லை. தெரிந்தவர் வீடு இருந்தால் அது வேறு விஷயம். ஊமச்சிகுளம், ஒத்தக்கடை, நாகமலை என்று ஊர் ஓரத்தில் சொந்தக்காரர் இல்லாத குடும்பம் நம் பக்கம் குறைவு. அவர்கள் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் காபி குடிக்காமல் கிளம்ப விடமாட்டார்கள், திரும்பி வரும்போது டிபனும் இருக்கும். அந்த நேரத்தையும் சேர்த்துக் கிளம்புங்கள்.

விருதை ரயிலடி

எங்கள் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கும், திண்டுக்கல், மானாமதுரை பக்கம் இருந்து வருகிறவர்களுக்கும் ரயிலை விட்டால் வேறு எதுவும் வேண்டாம். விருதுநகர் நிலையத்தில் பைக்கை விட்டுவிட்டு ஏறினால் மதுரைச் சந்திப்பு. வெளியே வந்து எதிரே டவுன்ஹால் ரோட்டில் நேராக நடந்தால் மேலக் கோபுரம். மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம். டோல் இல்லை, பார்க்கிங் இல்லை, கோரிப்பாளையம் சிக்னல் இல்லை. காரைக்குடிக்கு இது பொருந்தாது, தெரியும். இழையைப் பின்னால் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

உசிலை புல்லட்

டூவீலரில் வருகிறவர்களும் இருக்கிறோம் சாமி.

பைக்குக்குப் பெரியார் பேருந்து நிலையம் பக்கத்து ஸ்டாண்டு போதும். அங்கிருந்து கோயில் நடை தூரம். செக்கானூரணி வழியாக வந்து காளவாசல் தாண்டினால் ஊருக்குள் நுழையாமலேயே நிலையத்துக்கு வந்துவிடலாம். ஹெல்மெட்டை வண்டியில் பூட்டிவிட்டு வாருங்கள். கோயில் வாசலில் அதைக் கொடுத்து வைக்க இடம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

செட்டிநாட்டுத் தென்றல்

சாமான் என்றதும் ஞாபகம் வருகிறது. கார் பக்கத்தில் இருந்தால் பை, போன், செருப்பு எல்லாவற்றையும் அதிலேயே விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகலாம். காரை மாட்டுத்தாவணியில் விட்டால் இதையெல்லாம் என்ன செய்வது?

மூணு சக்கரம்

நல்ல கேள்வி. 2018க்கு அப்புறம் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். செருப்புக்கும் இடம் இருக்கிறது. இங்கேதான் கவனம் வேண்டும். எந்தக் கோபுர வாசலில் கொடுக்கிறீர்களோ அதே வாசலுக்குத்தான் திரும்பி வர வேண்டும். நாலு பக்கமும் கோபுரம், உள்ளே சுற்றி வந்தால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்றே தெரியாது. தெற்கு வாசலில் செருப்பைக் கொடுத்துவிட்டு வடக்கு வாசலில் வெளியே வந்துவிட்டு, பதினொரு மணி வெயிலில் கல் தரையில் குதித்துக் குதித்துச் சுற்றி வருகிறவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பெரியவர்களுக்கு அது பெரிய கஷ்டம். கையில் போனும் இருக்காது, ஒருவரை ஒருவர் கூப்பிடவும் முடியாது.

உங்களுக்குத் தெற்கு அல்லது கிழக்கு வாசல் சரியாக இருக்கும். வெளியே வந்தால் விளக்குத்தூண் அந்தப் பக்கம்தான். துணி எடுத்துவிட்டுப் பத்துத் தூண் சந்து வழியாக நடந்தால் மகால். கோயில், கடை, மகால் மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைந்துவிடும், எங்கேயும் திரும்பி வர வேண்டியதில்லை. மகால் வாசலிலிருந்து ஒரே ஆட்டோ, காமராசர் சாலை வழியாக மாட்டுத்தாவணி. துணிப் பையோடு பஸ்ஸில் இடிபடவும் வேண்டாம். கார் வடக்கு ஆவணி மூல வீதியில் நின்றால் மகாலிலிருந்து மறுபடி கோயிலைச் சுற்றிக்கொண்டு அங்கே போக வேண்டும். மாமியாரை நினைத்துப் பாருங்கள்.

கணக்கு வாத்தியார்

இந்த வழியை நான் ஒப்புக்கொள்கிறேன். கோயில் மட்டும் என்றால் விடியற்காலையில் வந்து பல அடுக்கு நிறுத்தம். கோயிலும் கடையும் மகாலும் என்று நாள் முழுக்க என்றால் மாட்டுத்தாவணி. ஐந்தரைக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆவணி மூல வீதியில் கடைக் கதவெல்லாம் சாத்தியிருக்கும், பூக்காரம்மாக்கள் மட்டும் சாக்கை விரித்து மல்லிகையை அளந்து வைத்துக்கொண்டிருப்பார்கள், தள்ளுவண்டியில் பருத்திப்பால் கொதிக்கும். காரை எங்கே நிறுத்துவது என்ற பேச்சே அந்த நேரத்தில் எழாது.

கோவைத் தம்பி

ராத்திரி தங்குகிறவர்களுக்கு என் பங்குக்கு ஒன்று. டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் லாட்ஜ் நிறைய. "பார்க்கிங் உண்டு" என்று எழுதியிருப்பதை நம்பி அறை போட்டு விடாதீர்கள். போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: உங்கள் கட்டடத்திலேயே இடமா, அல்லது வெளியே வேறு இடமா? அதற்குத் தனிக் காசு உண்டா? ராத்திரி வந்தாலும் இடம் இருக்குமா? ஒரு லாட்ஜில் பார்க்கிங் என்று அவர்கள் சொன்னது இரண்டு தெரு தள்ளி இருந்த கட்டண மைதானம். அறை வாடகையில் கிடைத்த சலுகை அதிலேயே போய்விட்டது. கோவை, சேலம் பக்கமிருந்து வருகிறவர்கள் பைபாஸ் ஓரத்தில் காளவாசல், பழங்காநத்தம் பக்கம் தங்கினால் காரை அறை வாசலிலேயே விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போய் வரலாம். காரை எடுக்கவே தேவையில்லை.

விருதை ரயிலடி

தனியார் இடத்தில்தான் விட்டாக வேண்டும் என்றால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை உள்ளே விடும் முன்னாலேயே கட்டணப் பலகையைப் போனில் படம் எடுங்கள். பலகை இல்லையென்றால் சீட்டின் பின்னால் "மணிக்கு இவ்வளவு, முழு நாள் இவ்வளவு" என்று அவர்கள் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். மாநகராட்சிக் குத்தகை இடம் என்று சொன்னால் அச்சடித்த ரசீது கேளுங்கள். தெருவில் நடந்து வந்து காசு கேட்கிறவருக்கு ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

மேலூர் மல்லி

நல்ல இழை, நன்றி. சித்திரைத் திருவிழாவுக்கு வருவதற்கும் இதே வழி செல்லுமா? அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அம்மா ஆசைப்படுகிறார்.

மாசிவீதி வாசி

பாதிதான் செல்லும் அக்கா. திருக்கல்யாணத்துக்கு மறுநாள் தேர், அது எங்கள் நான்கு மாசி வீதிகளையும் சுற்றி வரும். முந்தின ராத்திரியே தெருவில் நிற்கும் வண்டியெல்லாம் எடுத்தாக வேண்டும். அதற்கு அடுத்த நாள் விடியற்காலை அழகர் ஆற்றில் இறங்குகிறார். அழகர் மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் வழியாக வருவதால் அழகர்கோவில் சாலை முழுக்க மக்கள்தான், வண்டிக்கு வேலையே இல்லை.

நீங்கள் மேலூரிலிருந்து வருவதால் காரையே எடுக்க வேண்டாம். முந்தின நாள் சாயங்காலமே பஸ்ஸில் மாட்டுத்தாவணி வந்துவிடுங்கள். அழகரை ஊர் மக்கள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை பார்க்க வேண்டுமானால் அங்கிருந்து மூன்றுமாவடி பக்கம்தான். ஆற்றுக்குப் போவதானால் கோரிப்பாளையம் பக்கத்துக் கரையில் சீக்கிரமே இடம் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்து வாருங்கள். எந்தச் சாலை அடைப்பு, வண்டிகளை எங்கே நிறுத்த விடுகிறார்கள் என்று போலீஸ் தரப்பில் அந்த வாரமே நாளிதழ்களில் அறிவிப்பு வரும். போன வருஷம் விட்ட இடத்தில் இந்த வருஷமும் விடுவார்கள் என்று நம்பி வராதீர்கள், அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.